பூசம் முடியும் முன்

தமயந்தியைப் பொன்னுரங்கம் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் கண் பாதி கைக்கடிகாரத்தில் இருந்தது. ஆபரேஷன் தியேட்டர் கதவருகே ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவள் தலையைக் கொஞ்சம் தூக்கி, "உள்ள போறது நானா, உங்க கடிகாரமா? இங்கிட்டும் கொஞ்சம் பாருங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தள்ளிக்கொண்டு வந்த ஆயாவும் சிரித்தாள். அவரும் சிரித்தபடி நிமிர்ந்தார், ஆனால் அவர் நிமிர்வதற்குள் ஸ்ட்ரெச்சர் பாதி உள்ளே போய்விட்டது. கண்ணில் பட்டதெல்லாம் பச்சைத் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களும், மெட்டி கழற்ற வராமல் பிளாஸ்திரி சுற்றியிருந்த ஒரு விரலும்தான். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று முப்பது வருஷமாக யோசித்துப் பார்க்கிறார். வருவதில்லை. கல்யாண போட்டோவில் இருக்கிற முகம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, அது தமயந்தியே இல்லை, போட்டோக்காரன் தாடையைத் தூக்கச் சொல்லித் தூக்கிய முகம். இரண்டாவது பிள்ளை பிறக்கிற நிமிஷத்தைப் பிசகாமல் குறிக்க வேண்டும் என்று அன்று காலை ரேடியோவில் மணி சொன்னபோது கடிகாரத்தைத் திருத்தி வைத்திருந்தார். நிமிஷம் பிசகவில்லை. பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் மணியைப் பார்த்துக்கொண்டார், லக்னம் இன்னதென்று மனசுக்குள் கட்டம் போட்டார், அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு கிரகமாக அவர் உட்கார வைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உடம்பிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது, கட்டிலிலிருந்து தரைக்கு. "என்னண்ணே, ரொம்ப யோசனை? கடலை எடுத்துக்கிருங்க" என்று ஒரு கை அவர் முன்னால் பொட்டலத்தை நீட்டியது. சம்பந்தியம்மா மரகதம். அவர் ரெண்டு கடலை எடுத்துக்கொண்டார். வாயில் போடவில்லை, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

மதுரைக்கு வெளியே புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி. குளிரூட்டிய கூடம், வழுவழுவென்ற தரை, வரிசையாக இரும்பு நாற்காலிகள், எல்லா நாற்காலிகளிலும் வயிற்றுப் பெண்களும் அவர்களோடு வந்தவர்களும். மகள் ஹேமலதாவை எடை பார்க்கவும் பிரஷர் பார்க்கவும் நர்ஸ் உள்ளே கூட்டிப் போயிருந்தாள். மருமகன் வேலைக்குப் போய்விட்டான், பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்களே என்று. டாக்டர் போன தடவையே சொல்லிவிட்டார், தலை கீழே இறங்கியிருக்கிறது, பனிக்குடத்தில் தண்ணீர் நன்றாக இருக்கிறது, வலி வரட்டும், தானாகப் பிறக்கும் என்று. ஆனால் வலி வரவேண்டிய தேதி சித்திரை முதல் வாரத்தில் வருகிறது. தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று மரகதத்துக்கு ஒரே கவலை. பங்குனி முடிவதற்குள் ஒரு நல்ல நாளாகப் பார்த்து ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று அவள்தான் கேட்டாள். டாக்டர் முகத்தைச் சுளித்துவிட்டு, அவசியமே இல்லை, அப்படியும் வேண்டுமென்றால் அடுத்த முறை வரும்போது நாளும் நேரமும் சொல்லுங்கள் என்றார். அடுத்த முறை இன்றுதான். சொல்ல வேண்டியவர் பொன்னுரங்கம். "ஊருக்கே பார்த்துச் சொன்ன ஆளு நீங்க. வெளிய போயி எவன்கிட்டயோ கேட்டா நல்லாவா இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே மரகதம் பையிலிருந்து புதுப் பஞ்சாங்கத்தை எடுத்து அவர் மடியில் வைத்திருந்தாள். அதன் மேல் கடலைத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. அவர் அதைத் தட்டிவிட்டார். பஞ்சாங்கத்தைத் தொட்டு எத்தனை காலமாகிவிட்டது. தமயந்தி போனபிறகு தொட்டதில்லை. துக்கத்தில் விட்டுவிட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். துக்கம் மரியாதையான காரணம்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர். நூற்பாலையில் பிட்டர் வேலை, கையெல்லாம் எப்போதும் கிரீஸ். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஜோதிடப் புத்தகங்களை வாங்கி, புரியாத இடத்தைப் பத்து முறை படித்து, யாரிடமும் போய் நிற்காமல் தானே கற்றுக்கொண்டார். முதலில் கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள், பிறகு அவர்கள் சொந்தக்காரர்கள், ஒரு நாள் மில் மேனேஜரே மகள் ஜாதகத்தைக் கொண்டுவந்து, தன் அறையில் நாற்காலி போட்டு அவரை உட்காரச் சொல்லிக் கேட்டார். அந்த நாற்காலி. கிரீஸ் படாமல் இருக்க அதன் விளிம்பில் உட்கார்ந்தது இப்போதும் தொடையில் தெரிகிறது. அந்த நாற்காலிக்கு அப்புறம் அவர் நடையே மாறிவிட்டது, தமயந்தி கேலி செய்வாள், "வாங்க ஐயா, இன்னிக்கு குரு பார்வை எந்தப் பக்கம், சாம்பார் வைக்கவா ரசம் வைக்கவா" என்று. தலைப்பிள்ளை பெண்தான் என்று அவர் கணித்து மில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வலி கண்டது ஒரு விடியற்காலையில். விட்டு விட்டு வந்த லேசான வலி. சின்ன நர்சிங் ஹோம், அங்கிருந்த டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, தலைப்பிரசவம், நேரம் பிடிக்கும், ராத்திரிக்கோ விடியவோ தானாகப் பிறந்துவிடும், ஒரு குறையும் இல்லை என்றார். அன்று பூசம். பிற்பகலோடு பூசம் முடிந்து ஆயில்யம் தொடங்குகிறது. ஆயில்யத்தில் பெண் பிறந்தால் அவளுக்கு வருகிற மாமியாருக்கு ஆகாது. அவருக்கு அதற்கு மேல் எதுவும் யோசிக்க ஓடவில்லை. "வலி வந்திருச்சுல்ல, வர்றது வரட்டுமேங்க. ஆயில்யத்துல பிறந்ததெல்லாம் கல்யாணமாகாமயா கெடக்கு?" என்றாள் தமயந்தி. "நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவன் கட்டத்தைப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போவான். மில்லுல கேப்பானுங்க, ஊருக்கெல்லாம் சொன்னியே, உம்பிள்ளைக்குத் தெரியலையான்னு." "அப்ப பிள்ளை எனக்குப் பிறக்கல, மில்லுக்குப் பிறக்குது" என்று சிரித்தவள் சிரிப்பு முடிவதற்குள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வலி வந்து போகும்வரை கண்ணை மூடியிருந்தாள். அவர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே பூசம் இன்னும் எவ்வளவு நாழிகை என்று கணக்குப் பார்த்தார். கண்ணைத் திறந்து, "சரி. உங்க இஷ்டம்" என்றாள். டாக்டரம்மா கோபப்பட்டார். தேவையில்லாமல் அறுக்கிறோம், தெரிந்துதான் கேட்கிறீர்களா என்று இரண்டு முறை கேட்டார். தெரிந்துதான் என்று இரண்டு முறையும் அவர் சொன்னார். பூசம் முடிவதற்கு நிறைய நேரம் இருக்கும்போதே பெண் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். பெண். அவர் சொன்னது சொன்னபடி. பூசத்துக்கு உரிய எழுத்தில் ஹேமலதா என்று பெயர் வைத்தார். மில்லில் மிட்டாய் கொடுத்தபோது ஒருவன் காலைத் தொட்டுக் கும்பிட்டான், வேண்டாம் வேண்டாம் என்று சொன்னபடி காலை நகர்த்தாமல் நின்றார். அதுதான். காலை நகர்த்தாமல் நின்றது. இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது, இந்தக் குளிரிலும்.

"உங்க மக ஜாதகம் வந்தப்ப எங்க வீட்டுல அவுகளுக்குத்தான் ஒரே திருப்தி, பூசம் பூசம்னு" என்றாள் மரகதம், கடலையை மென்றுகொண்டே. "எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. போட்டோவுல சிரிச்ச மொகமா இருந்தா, பிடிச்சிருந்துச்சு. எங்க பெரியக்கா மருமக ஆயில்யம். வேணாம்னு எல்லாரும் குதிச்சாக. அக்கா கேக்கல. இன்னைக்கும் அக்கா குத்துக்கல்லு மாதிரி இருக்கா, ரெண்டு பேருமாச் சேந்து சினிமாவுக்குப் போறாளுக. நான்கூடச் சொல்லுவேன், ஆயில்யம் அத்தையக் கொல்லாது, அத்தைதான் ஆயில்யத்தைக் கொல்லுவான்னு." சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே தோள் குலுங்கச் சிரித்தாள். பொன்னுரங்கம் அவளைப் பார்த்தார். நல்ல திடமான கழுத்து, கழுத்தில் இரட்டைச் சரம், மேலுதட்டில் கடலைப் பொடி. இவளுக்காகத்தான். அன்றைக்கு முகம் தெரியாமல், எந்த ஊரில் இருக்கிறாள் என்றே தெரியாமல், ஒருத்தி இருந்தாளே, எதிர்காலத்தில் வரப்போகிற மாமியார், அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று தமயந்தி வயிற்றில் கத்தி வைத்தோமே, அந்த ஒருத்தி இவள்தான். இவள் உட்கார்ந்து கடலை தின்கிறாள். அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவருக்கு அவள் மேல் ஒரு வெறுப்பு எழுந்தது. அடுத்த கணமே வெட்கம். இவள் என்ன செய்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு மசக்கை நாளெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் இவள். தாயில்லாப் பிள்ளை என்று ஒரு சொல் ஹேமா காதில் விழவிடாதவள். இவளுக்காக என்று சொல்வதே பொய். மேனேஜர் போட்ட நாற்காலிக்காக. அதை இவள் தலையில் ஏற்றி வைக்கப் பார்க்கிறது மனசு, முப்பது வருஷம் கழித்தும் வேறு ஆள் தேடுகிறது.

வேறு ஆள் தேடுவது அதற்குப் புதிதில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் காலை தமயந்தி வந்து, "வலியே இல்லைங்க, ஆனா லேசா ரத்தம் பட்டிருக்கு" என்றாள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, சந்திராஷ்டமம், ரெண்டு நாளில் சரியாகும் என்றார். சரியானது. தானே நின்றுவிட்டது. நின்றதுதான் மோசம், நிற்காமல் இருந்திருந்தால் அன்றே ஓடியிருப்பார்கள். மாதம் ஏறிய பிறகு ஸ்கேனில், நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, ஆபரேஷன்தான் என்றார்கள். கீழே இருக்கிறது என்று மட்டும்தான் தெரிந்தது. எதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது என்று அந்தக் காலத்து மெஷினுக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. ஒரு வலி இல்லை, ஒரு காய்ச்சல் இல்லை, வேலைக்கு நடுவே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, அதற்குள் அது இருந்தது. எல்லாம் முடிந்தபிறகு ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் வெளியே வந்து அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "பிள்ளை வந்ததும் நஞ்சு தானா உரிஞ்சு வரணும். வரலை. முதல் பிரசவத்துல அறுத்த தழும்பு இருக்குல்ல, அது மேலயே உட்கார்ந்து கர்ப்பப்பைக்குள்ள வேர் விட்டுடுச்சு. சுவர்ல விரிசல் விட்ட இடத்துல அரசங்கன்னு முளைக்குமே, பிடுங்கினா செங்கல்லும் சேர்ந்து வரும்ல, அந்த மாதிரி. கர்ப்பப்பையையே எடுத்தோம். ரத்தம் நிக்கலை." பிறகு, "முதல் பிள்ளைக்கு ஏன் ஆபரேஷன் பண்ணினாங்க? என்ன கஷ்டம்?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். அவள் உள்ளே இன்னும் சூடாறாமல் கிடக்கிறாள், இவர் வெளியே உட்கார்ந்து, "தண்ணி வத்திப் போச்சுன்னு சொன்னாங்க டாக்டர்" என்றார். யோசிக்காமல் வந்தது, தயாராக நாக்கடியில் இருந்தது போல. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்கள் காதில் விழுந்தது, அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள், தண்ணி வத்தியது குடும்பக் கதையாகிவிட்டது. யாருக்கும் எந்தப் பலனும் இல்லாத பொய். அவளைத் திருப்பித் தராது, அவரை யாரும் ஜெயிலில் போடப் போவதும் இல்லை. பிறந்த பையனைப் பற்றி, பிறக்கும்போதே தாயை முழுங்கினவன் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பஞ்சாங்கம் தெரிந்தவர் நீங்கள், பையன் கட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோர் கண்ணும் தொட்டில் பக்கம் இருந்தவரை அவர் பக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு எழுத்துப் பார்த்துப் பெயர்கூட வைக்கவில்லை, ஆஸ்பத்திரி ஆயா ராஜா ராஜா என்று கொஞ்சினாள், அதுவே பள்ளிக்கூடத்தில் ராஜன் ஆனது. மஸ்கட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் பண்ணுவான். அவள் போனை அவரிடம் கொடுத்தால், சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

"எடை ஒரு கிலோ ஏறியிருக்கு அத்தை. பிரஷர் சரியா இருக்காம்" என்று ஹேமா வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் மெல்ல இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்காருகிற விதம் தாயுடையது. "அப்பா, நேரம் பார்த்துட்டீங்களா? அடுத்து நம்மதான்." அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டுவது போலப் புரட்டினார். எழுத்துகள் சின்னதாகிவிட்டன, இல்லை, கண்ணாடி மங்கிவிட்டது. "உனக்கு என்னம்மா இஷ்டம்? வலி வரட்டும்னு டாக்டர் சொல்றாங்கல்ல" என்றார். "எனக்குப் பயமா இருக்குப்பா. அம்மாவுக்கும் கடைசி வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, திடீர்னு தண்ணி வத்திருச்சுல்ல? அறுத்து எடுத்ததாலதானே நான் பொழைச்சேன். அந்த மாதிரி எனக்கும் ஆச்சுன்னா? பேசாம எடுத்துரலாம்ப்பா. அத்தைக்கும் நிம்மதி." எடுத்துவிடலாம். ஊரில் பாதிப் பெண்கள் அறுத்துத்தான் பெறுகிறார்கள், எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரண்டும் ஆபரேஷன், கல் மாதிரி இருக்கிறாள். இப்போது மெஷினெல்லாம் நன்றாக வந்துவிட்டது, தழும்பு மேல் நஞ்சு உட்கார்ந்தால் முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்களாம், ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, பெரிய டாக்டர்களை வைத்துக்கொண்டு செய்கிறார்களாம். எல்லாம் சரி. ஆனால் தழும்பு இருந்தால்தானே அதன் மேல் உட்காரும். ரெண்டாவது ஒரு பொண்ணு வேணும்ப்பா என்று போன வாரம்தான் சொன்னாள். எந்தச் சுவரைப் பார்த்தாலும் அவருக்கு விரிசல்தான் கண்ணில் படும், மில் காம்பவுண்டில் தளிர்விட்ட அரசங்கன்றைப் பார்த்தால் வேறு வழியாகச் சுற்றிப் போவார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன பொய் இத்தனை வருஷம் சும்மா கிடந்துவிட்டு, இப்போது எழுந்து இவள் வயிற்றைத் தேடி வந்திருக்கிறது. சொல்லிவிட வேண்டியதுதான். தண்ணீர் வற்றவில்லை அம்மா, உங்கள் அம்மாவுக்கு எல்லாம் நன்றாக இருந்தது, நான்தான். நான்தான் என்பதற்கு அப்புறம் என்ன வார்த்தை. அதற்கு அப்புறம் இவள் தன் பிறந்த நாளை எப்படிக் கொண்டாடுவாள். சம்பந்தியம்மா கையில் கடலையோடு எப்படித் திரும்பிப் பார்ப்பாள். பையனுக்கு யார் சொல்வார்கள், போனில் சொல்வார்களா.

அவர் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "பங்குனிக் கடைசியில நேரம் சரியில்லம்மா" என்றார், அந்தப் பழைய குரலில். அந்தக் குரல் இன்னும் உள்ளே இருப்பது அவருக்கே தெரியாது. "நாலாமிடத்துல செவ்வாய் நிக்கிறான். தாய் ஸ்தானம். இந்தச் சமயத்துல தாய் உடம்புல கத்தி படக்கூடாது. இப்ப ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் இருக்கும். அடுத்த பிள்ளையில காட்டும்." சொல்லிவிட்டு, சண்டைக்குத் தயாராக மரகதத்தைப் பார்த்தார். சித்திரைக்கு என்ன பதில் என்பாள், என் மகனுக்கு ஏதாவது ஆனால் என்பாள், அதற்கும் இரண்டு கிரகங்களை எடுத்து வைத்திருந்தார். மரகதம் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டாள். "அப்ப வேணாம்" என்றாள். அவ்வளவுதான். "இவளுக்கு ஒண்ணுன்னா அப்புறம் நல்ல நாளு எதுக்கு, யாருக்கு? சித்திரைதான, பிறந்துட்டுப் போகுது. தவிட்டுக்கு வித்து வாங்கிக்கிட்டா முடிஞ்சு போச்சு. ஒரு பிடித் தவிடு. என்னண்ணே, சரிதான?" சரிதான். ஒரு பிடித் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டால் தோஷம் கழியும் என்பது அவருக்கும் அன்றே தெரியும். ஆயில்யத்துக்குப் பரிகாரம் உண்டு, புத்தகத்திலேயே போட்டிருந்தது, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் திருப்பினார். பரிகாரம் குறைப்பட்டதற்கு. அவர் பிள்ளை ஜாதகம் குறைப்படக் கூடாது. தனக்குத் தெரியாத ஒருத்தி மகளுக்காக இந்தப் பெண்பிள்ளை ஒரு மூச்சில் விட்டுக்கொடுத்ததை அவர் கட்டின பெண்டாட்டிக்காக விட்டுக்கொடுக்கவில்லை. "பார்த்தியா, அப்பா வாய் திறந்தா எப்படிப் பேசுறாகன்னு. இத்தனை நாளு இந்த வித்தையப் பூட்டி வச்சிருந்திருக்காக" என்று மரகதம் மருமகள் தொடையில் தட்டினாள். அந்த மரியாதை மறுபடியும் அவர்மேல் வந்து விழுந்தது, வேண்டாம் என்று நகர முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"நெசமாவாப்பா?" என்றாள் ஹேமா. அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள். "நெசந்தாம்மா." "தண்ணி வத்திட்டா?" "உனக்கு வத்தாது" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் பிசிறியது. அவள் ஏதோ கேட்கப் போனாள், அதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து ஹேமலதா என்று கூப்பிட்டாள். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். கதவு மூடியது. அவர் உள்ளங்கையை விரித்தார், கடலை இரண்டும் வியர்வையில் நமுத்திருந்தன. எங்கே போடுவது என்று தெரியாமல் வைத்திருந்தார். எதிர் நாற்காலியில் ஒரு பெண் புருஷன் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் வயிறு தூக்கத்தில் ஒரு பக்கமாக அசைந்தது. மரகதம் மட்டும் முதலில் வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "டாக்டரம்மாவுக்கு ரொம்பச் சந்தோசம்ணே. இப்படித்தான் இருக்கணும், வலி வந்ததும் கூட்டிட்டு வாங்கன்னுட்டாக. இவ அம்மாவுக்கு எதனால ஆபரேசன்னு கேட்டாக. தண்ணி வத்திப் போச்சுன்னு நாஞ்சொல்லிட்டேன்." "சரிம்மா" என்றார் பொன்னுரங்கம்.

ஹேமா பிறந்த அன்று அறுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை என்பது மூன்று பேருக்குத் தெரியும். அந்த நர்சிங் ஹோம் டாக்டரம்மா வயதாகி இறந்துபோனார். தமயந்தி இல்லை. மிச்சம் இருப்பவர் பொன்னுரங்கம் ஒருவர்.